காப்பு கட்டிய கையில் கொடுக்காத நோட்டீஸ்

சசி, பிரபு, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் பிரபு போனைப் பார்த்துக்கொண்டே "உம்" கொட்டுவான். சசி பாதியிலேயே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். காகிதத்தில் இருந்தால் என்றைக்காவது படித்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பிரபு ஒரு மெசேஜை அனுப்பியிருந்தான். பெண்களுக்கென்று போட்ட சட்டங்களால்தான் குடும்பங்கள் கெடுகின்றன, நாம் பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கிறோம், தெய்வத்துக்கு எதற்குச் சட்டம் என்று அதில் இருந்தது. கீழே கை கூப்பின படம் நாலு. உங்கள் பெரியப்பா கட்டைவிரலைப் போட்டார். சித்தப்பா பூ போட்டார். சசி ஒன்றும் போடவில்லை. உங்கள் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்துவிட்டு, "இதுக்கு இன்னாங்க பதில் போடறது" என்று என்னைக் கேட்டாள்.

அந்தச் சட்டங்களில் ஒன்று குடியிருந்த ஆபீஸில் நான் பியூனாக இருந்தவன். என்னிடம் இருக்கிற பதில் ஒரு கட்டைவிரலில் அடங்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவது ஃபெயில் என்பது உங்களுக்குத் தெரியும். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமானபோது சமூக நல ஆபீஸுக்குக் கடலூரிலிருந்து லாரியில் வந்த பீரோக்களையும் மேசைகளையும் இறக்கிவைத்ததுதான் எனக்கு முதல் நாள் வேலை. திண்டிவனத்திலிருந்து காலை ரயிலில் போவேன், சாயங்கால ரயிலில் திரும்புவேன். பதிமூன்று வருஷம் தபால் ஒட்டினேன், ஃபைல் சுமந்தேன், டீ வாங்கி வந்தேன். எதிரே இருந்த டீக்கடையில் எங்கள் ஆபீஸுக்குப் "பொம்பளை ஆபீஸு" என்று பெயர். "இன்னா, பொம்பளை ஆபீஸுக்கு அஞ்சு டீயா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வாங்கி வருவேன்.

பிறகு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. எங்கள் ஆபீஸுக்குப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு பதவி வந்தது. அதில் வந்து உட்கார்ந்தவர் கனகவல்லி மேடம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்குக் கிட்டே இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலையில் பேனாவைவிடப் பென்சிலைத்தான் அதிகம் பிடிப்பார். நான் போய்வந்து எழுதிக்கொடுக்கும் அறிக்கையை முதலில் படிக்க மாட்டார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மூன்று கேள்வி கேட்பார். எத்தனை மணி? யார் யார் இருந்தாங்க? கதவு திறந்திருந்துதா, மூடியிருந்துதா? நான் சொல்லி முடித்த பிறகு காகிதத்தைத் திருப்பி, நான் சொன்னதும் எழுதினதும் ஒன்றா என்று பார்ப்பார். "போல இருந்தது" என்று எழுதியிருந்தால் அதன்மேல் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போடுவார். "இருந்துதா, இல்லையா? ரெண்டு வார்த்தை போதும்ங்க" என்பார். என்னை அவர் ஒருநாளும் வா போ என்று பேசியதில்லை.

நோட்டீஸ் கொடுக்கிற முறையை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தால் இரண்டு நாளுக்குள் எதிர்மனுதாரர் கையில் சேர்த்தாக வேண்டும். இரண்டு காப்பி. ஒன்று அவருக்கு, இன்னொன்றின் பின்பக்கம் அவர் கையெழுத்து. வாங்க மாட்டேன் என்றால் பேச்சு வளர்க்கக் கூடாது. வீட்டுக் கதவில் கண்ணில் படும்படி ஒட்டி, இரண்டு சாட்சி வைத்து, நேரம் எழுதிவிட்டு வந்துவிட வேண்டும். நான் எழுதுகிற அறிக்கையை நம்பித்தான் மேடம் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டுக்கு அனுப்புவார். மைதா பசையை உங்கள் அம்மா காய்ச்சிக் கொடுப்பாள். பழைய பவுடர் டப்பாவில் எடுத்துப் போவேன்.

கையெழுத்துப் போட்டவர்கள் குறைவு. சட்டத்தைத் திட்டினவர்கள்கூடக் கொஞ்சம் பேர்தான். சாமியைத் துணைக்குக் கூப்பிட்டவர்கள்தான் அதிகம். திண்டிவனத்திலேயே ஒரு ஜெபக்கூட்டத்துப் பெரியவர், மனைவியின் கையை முறித்தவர், "கீழ்ப்படியணும்னு எழுதியிருக்கு பிரதர்" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கையை முறி என்று எழுதியிருக்காது. மரக்காணம் பக்கத்தில் ஒருவர் கடலம்மாவையே சாட்சிக்குக் கூப்பிட்டார். கும்பிடுகிற சாமி வேறு வேறாக இருந்தது. வாயிலிருந்து வந்த பேச்சு மட்டும் ஒரே அச்சு.

இப்படி அடுத்தவர்களைச் சொல்லிக்கொண்டு போவது சுலபம். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி.

அஞ்சலை என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வளவனூருக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டு பெண் குழந்தைகள், பெரியது எட்டு, சின்னது நாலு. இரண்டாவதும் பெண் என்றதிலிருந்தே வீட்டில் பேச்சு. அடியும் இருந்தது. கடைசியில் புருஷன் ஏழுமலையும் மாமனாரும் சேர்ந்து அவளையும் குழந்தைகளையும் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த மாட்டுக்கொட்டாயில் தள்ளிவிட்டார்கள். மூன்று மாசமாக அங்கேதான் இருந்தாள். மாமனார் ஊர் அம்மன் கோயில் தர்மகர்த்தா.

மேடம் கேட்டார்: "உங்களுக்கு என்னம்மா வேணும்? ஜீவனாம்சமா, பிரிஞ்சி போறதா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மேடம். தெருப்பக்கம் ஒரு ரூமு சும்மா பூட்டி வெச்சிருக்கிறாங்க. கொட்டாய்க்குக் கதவு இல்ல. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்களை வெச்சிக்கினு கண்ணு மூட முடியல. எனக்கு உள்பக்கம் தாப்பா போட்டுக்கிற மாதிரி ஒரு எடம் வேணும்."

மேடம் பென்சிலால் எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். "தாழ்ப்பாள்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

மனு கோர்ட்டுக்குப் போயிற்று. நோட்டீஸ் வந்தது. மறுநாளே நான் பஸ் ஏறினேன்.

ஊரில் இறங்கினால் மேளச் சத்தம். தீமிதிக்குக் காப்பு கட்டி இரண்டாம் நாள். தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம், வாசலெல்லாம் மஞ்சள் தண்ணீர். தர்மகர்த்தா வீட்டு வாசலில் ஏழுமலை மஞ்சள் வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக் காப்பு. நான் ஆபீஸ் பெயரைச் சொன்னதும் அவன் எழுந்துவிட்டான். தர்மகர்த்தா உள்ளேயிருந்து வந்தார். நெற்றி நிறையக் குங்குமம். குரல் தேன் மாதிரி.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்துக்கினு இருக்கிறீங்க. உக்காருங்க."

"உக்கார நேரமில்லீங்க. கோர்ட்டு நோட்டீஸு. தம்பி கையெழுத்துப் போடணும்."

"போடட்டும், அதுக்கென்ன. நாங்க இன்னா ஓடியா போயிடப் போறோம்? ஆனா காப்பு கட்டின கைங்க இது. அம்மனுக்கு நேந்துக்கினு இருக்கிற கை. இதுல கோர்ட்டுக் காகிதத்தை வாங்கலாமா? நீங்களே சொல்லுங்க."

"வாங்கலைன்னா கதவுல ஒட்டணும்ங்க."

அவர் கதவைக் காட்டினார். நிலைப்படி முழுக்க மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகியிருந்தது. "தோ, அம்மா வந்து நிக்கிற வாசப்படி. ஒட்டறதுன்னா ஒட்டுங்க. நான் தடுக்க மாட்டேன். தடுக்கறவ வேற ஒருத்தி இருக்கிறா."

பையில் பசை டப்பா இருந்தது. கை போகவில்லை.

ஏன் போகவில்லை என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நானும் மூன்று வருஷம் காப்பு கட்டித் தீ மிதித்தவன். எதற்காக என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. சசி பிறந்த பிறகு, அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மிதித்தேன். மூன்றாம் வருஷம் பிரபு பிறந்தான். அம்மன் என் பேச்சைக் கேட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். சசி அப்போது என் இடுப்பில்தான் இருப்பாள். இதைப் படிக்கிறபோது அவளுக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

தர்மகர்த்தா என் முகத்தைப் படித்துவிட்டார். "நீங்களும் தீ மிதிச்சவரு போல" என்றார். ஏழுமலையை விட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். காப்பு கட்டின கையால் அவன் சொம்பை நீட்டினான். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். கோர்ட்டு காகிதத்தைத் தொடக் கூடாத கை, கோர்ட்டு காகிதம் கொண்டுவந்தவனுக்கு மோர் கொடுக்கலாமா என்று கேட்கிற புத்தி எனக்கு அப்போது வரவில்லை. ஒரு எலுமிச்சம்பழமும் குங்குமமும் கொடுத்து அனுப்பினார். "திருவிழா முடியட்டும், நானே கூட்டிக்கினு வந்து கையெழுத்துப் போடச் சொல்றேன்" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். அடியில் கார்பன் வைத்து, எனக்கு ஒரு காப்பி. "எதிர்மனுதாரர் ஊரில் இல்லை. வீடு பூட்டியிருந்தது. ஒட்டுவதற்குச் சாட்சி கிடைக்கவில்லை." மூன்றும் பொய்.

மேடம் வழக்கம்போலக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். தண்ணீர் குடித்தார்.

"எத்தனை மணி?"

"பதினொண்ணே கால் மேடம்."

"யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல மேடம். திருவிழா, எல்லாரும் கோயில்ல."

"கதவு?"

"மூடியிருந்துது. பூட்டு."

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். சொன்னதும் எழுதினதும் ஒன்றாகவே இருந்தன. கோடு எதுவும் போடாமல் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கோர்ட்டில் இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் அந்தக் குடும்பம் செய்த வேலையைக் கேளுங்கள். கோர்ட்டு வரப்போகிறது என்று அவர்களுக்குச் செய்தி சொன்னதே நான்தான். தீமிதி அன்றைக்கு ஏழுமலையின் சித்தப்பனுக்கு அருள் வந்தது. வம்சத்துக்கு ஆண் வாரிசு வேண்டும், இவனுக்கு இன்னொருத்தியைக் கட்டு என்று அம்மன் சொன்னாளாம். ஊர் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மனுக்குச் சொந்தமாக வாய் கிடையாது போலிருக்கிறது. பேச வேண்டுமானால் ஏதாவது ஒரு ஆம்பளையின் வாயை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி எடுத்தாலும் அந்த ஆம்பளைக்கு வேண்டியதைத்தான் அவள் பேசியாக வேண்டும். திருவிழா முடிந்த மறுநாள் அதே கோயிலில் வள்ளி என்று ஒரு ஏழைப் பெண்ணுக்கு மஞ்சள் கயிறு கட்டி, அஞ்சலை கேட்ட அந்தத் தெருப்பக்கத்து ரூமில் குடிவைத்தார்கள்.

கயிறு கட்ட அந்தக் கைக்குத் தடையில்லை. கையெழுத்துப் போடத்தான் தடை.

அஞ்சலை ஆபீஸுக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள். அழவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். மேடம், "நோட்டீஸ் அன்னிக்கே சேர்ந்திருந்தா தடை வாங்கியிருக்கலாம்மா. அவர் ஊர்ல இல்லாமப் போயிட்டார்" என்றார்.

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. புரியாமல் பார்க்கிற பார்வை.

"ஊர்லதான மேடம் இருந்தாரு? இந்த அண்ணன் வந்தாரே. நான் கொட்டாய்லேர்ந்து கீத்து சந்து வழியாப் பாத்துக்கினுதான் இருந்தேன். எங்க வூட்டுக்காரரு மோர் குடுத்தாரு, அண்ணன் குடிச்சாரு. காகிதம் குடுத்துட்டாருன்னு நெனச்சி அன்னிக்கித்தான் மேடம் நல்லாத் தூங்கினேன்."

மேடம் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். என் பழைய அறிக்கையை ஃபைலிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"எத்தனை மணி?"

"பதினொண்ணே கால் மேடம்."

"யார் இருந்தாங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். காப்பு, வாசப்படி, மோர், எலுமிச்சம்பழம், சசிக்கு அப்புறம் நான் மிதித்த தீ வரைக்கும்.

"கதவு?"

"திறந்திருந்துது மேடம்."

திட்டுவார் என்று நின்றேன். "பொய்க்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு புதுக் காகிதம் ஒன்றை நீட்டினார். "இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே எழுதுங்க. கோர்ட்டுக்கு நான் விளக்கம் கொடுக்கணும். உங்களுக்கு மெமோ வரும். அதுக்கும் நீங்கதான் பதில் எழுதணும்."

"மேடம், தெய்வ குத்தமாயிடும்னு பயந்துட்டேன்."

"தெரியும்ங்க. அந்தம்மாவும் அதே சாமியைத்தான் கும்பிடறாங்க. அவங்களுக்கு யார் மோர் குடுத்தாங்க?"



மெமோ வந்தது. ஒரு வருஷம் சம்பள உயர்வு நின்றது. அந்த வருஷம் ஏன் தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை என்று பிரபு அழுதது ஞாபகம் இருக்கலாம்.

மேடத்திடம் உண்மையை எழுதிக்கொடுத்த அன்றைக்கே நோட்டீஸோடு இரண்டாம் தடவை போனேன். வேப்பிலை காய்ந்து தொங்கியது. ஏழுமலை கையில் காப்பு இல்லை, ஆனாலும் வாங்க மாட்டேன் என்றான். தர்மகர்த்தாவின் குரலில் இப்போது தேன் இல்லை.

"யோவ், மோர் குடிச்ச வாய்தான இது? பொம்பளை ஆபீஸுல இருந்து இருந்து நீயே சேலை கட்டிக்கினியா?"

"சேலை கட்டினவங்கதான் அனுப்பினாங்கய்யா" என்றேன். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களையே சாட்சி போடக் கேட்டேன். சிரிப்பு நின்றது, ஆளும் நகர்ந்தது. கடைசியில் பால் சொசைட்டிக்காரரும் தபால்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். மஞ்சள் பூசிய கதவில் நடுவாகப் பசை தடவி ஒட்டினேன். மணி மூன்று இருபது. வானம் இடியவில்லை.

கோர்ட்டு உத்தரவு வந்தது. தெருப்பக்கத்து ரூமை அஞ்சலைக்கும் குழந்தைகளுக்கும் விட வேண்டும், யாரும் தொல்லை செய்யக் கூடாது. மேடம், ஒரு பெண் போலீஸ், நான் மூவரும் போனோம். வள்ளியின் துணிமூட்டை வாசலில் கிடந்தது. அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். ரூமைத் திறந்து பார்த்த மேடம் என்னைக் கூப்பிட்டார். "உள்பக்கம் பாருங்க." தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். நாலு ஓட்டைதான் இருந்தது.

ஒரு குடும்பம், ஒரு கோயில், ஒரு ஊர், இத்தனை பேர் கூடி யோசித்து, ஒரு பெண்ணுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டது அந்த நாலு அங்குல இரும்பு. பிரபு, நீ அனுப்பின மெசேஜில் வருகிற தெய்வத்துக்குக் கோயிலில் இரட்டைத் தாழ்ப்பாள், திண்டுக்கல் பூட்டு, காவலுக்கு ஆள். தெய்வத்துக்கு எதற்குச் சட்டம் என்று கேட்கிறவர்கள், தெய்வத்துக்கு எதற்குப் பூட்டு என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் வளவனூர் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்தேன். பால் சொசைட்டிக்காரரிடம் திருப்புளி வாங்கி நானே முடுக்கினேன். தர்மகர்த்தா தெருவைப் பார்த்து, "வீட்டுல தீட்டு பூந்துடுச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அஞ்சலை குழந்தைகளை உள்ளே தள்ளி, தானும் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. மேடம் அந்தச் சத்தத்துக்காகவே நின்ற மாதிரி நின்றுவிட்டு, "போலாம்ங்க" என்றார்.

ஒன்றரை வருஷம் கழித்து வள்ளி எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை, கன்னத்தில் காயம். கூட்டிக்கொண்டு வந்தது அஞ்சலை. "இதுக்கும் ஒரு மனு எழுதணும் மேடம். இப்போதைக்கு என் ரூம்லதான் படுத்துக்கினு இருக்குது" என்றாள்.

இதுதான் பிரபு, உன் மெசேஜுக்கு என் பதில். குரூப்பில் போட வேண்டாம். பெரியப்பாவால் படித்து முடிக்க முடியாது.

ஒன்று பாக்கி இருக்கிறது. நம் வீட்டுச் சாமி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு பழுத்த காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்து, சசி சின்ன வயதில் "இன்னாப்பா இது" என்று கேட்டாள். மரம் அரிக்காமல் இருக்க ஒட்டினது என்று சொல்லிவைத்தேன். அதுவும் பொய்தான். தாழ்ப்பாள் மாட்டிவிட்டு வந்த அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் அம்மாவும் திருவெண்ணெய்நல்லூரில் மாமா வீட்டில் இருந்தீர்கள். வீட்டில் நான் மட்டும். பையிலிருந்து, மூன்று பொய் எழுதின அந்தப் பழைய அறிக்கையின் கார்பன் காப்பியை எடுத்தேன். டப்பாவில் மிச்சமிருந்த பசையைத் தடவி, விளக்கேற்ற நிற்கும்போது கண்ணுக்கு நேராக வருகிற இடத்தில் ஒட்டினேன். ஓரத்தில் நேரம் எழுதினேன். மாலை ஆறு பத்து. சாட்சி என்ற இடத்தை வெறுமனே விட்டேன். பெற்றுக்கொண்டவர் என்று எழுதி, அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.